நீரில் எது, எவ்வளவு, எப்போது கரையும்? வெப்பநிலையும் மற்ற காரணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சூடாக்கினால் நன்றாகக் கரையும்" என்பது பாதி உண்மை. காபிக்குச் சர்க்கரை போடுகிறவருக்கு அந்தப் பாதி போதும். கீசரில் ஏன் வெள்ளையாகப் படிகிறது, கோடையில் குளத்து மீன் ஏன் மூச்சு முட்டுகிறது, உப்பளத்தில் உப்பு எந்தக் கட்டத்தில் விழும் என்று கேட்க ஆரம்பித்தால் மீதிப் பாதியும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், சமையல் செய்கிறவர்கள், விவசாயம் பார்க்கிறவர்கள் என்று பலரும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், எண்கள் சாதாரணக் காற்றழுத்தத்துக்கானவை. புத்தகத்துக்குப் புத்தகம் கடைசி இலக்கம் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

கரைதிறன் என்றால் சரியாக என்ன?

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், 100 கிராம் நீரில் அதிகபட்சம் எத்தனை கிராம் கரையும் என்பதே கரைதிறன். அந்த அளவு கரைந்து முடித்த கரைசலுக்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர். அதற்கு மேல் போட்டது அடியில் கிடக்கும்.

20 டிகிரி செல்சியஸில் சமையல் உப்பு 36 கிராம் வரை கரையும். சர்க்கரை 204 கிராம் கரையும், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ! நீற்றிய சுண்ணாம்போ 0.17 கிராம்தான். வெப்பநிலையைச் சொல்லாமல் யாராவது கரைதிறன் எண்ணை மட்டும் சொன்னால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நன்றாகக் கலக்கினால், பொடித்துப் போட்டால் அதிகம் கரையுமா?

கரையாது. சீக்கிரம் கரையும், அவ்வளவுதான்.

இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். கரையும் வேகம் வேறு, கரையும் அளவு வேறு. கல் உப்பைப் பொடித்தால் தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது. கரண்டியால் கலக்கினால் உப்பைச் சுற்றி ஏற்கெனவே உப்பேறிய நீர் விலகிப் புது நீர் வந்து சேருகிறது. இரண்டும் வேகத்தைத்தான் கூட்டுகின்றன. 100 கிராம் நீரில் 40 கிராம் உப்பைப் போட்டுவிட்டு விடிய விடியக் கலக்கினாலும் 4 கிராம் அடியில் இருக்கும். கலக்காமல் மூடி வைத்தாலும், சில நாள் கழித்து அதே 36 கிராமில்தான் வந்து நிற்கும்.

பள்ளி விடைத்தாள்களில் "கரைதிறனைப் பாதிக்கும் காரணிகள்" என்ற கேள்விக்குக் கலக்குதல், துகளின் அளவு என்று எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கரைபொருள் மற்றும் கரைப்பானின் தன்மை, வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றுதான் பாடத்தில் வருபவை. (மிக மிக நுண்ணிய துகளாக்கினால் கரைதிறனே சற்றுக் கூடும் என்பது உண்மைதான். மருந்துத் தயாரிப்பில் அதற்குப் பயன் உண்டு, அம்மியில் அரைத்து அந்த அளவை எட்ட முடியாது.)

சூடாக்கினால் எல்லாத் திடப்பொருளும் அதிகம் கரையுமா?

பெரும்பாலானவை கரையும். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரியில் 13 கிராம், 20 டிகிரியில் 32, 60 டிகிரியில் 110, கொதிநிலையில் 246. சர்க்கரை 20 டிகிரியில் 204 கிராம், 100 டிகிரியில் 487. சமையல் உப்போ 0 டிகிரியில் 35.7, 100 டிகிரியில் சுமார் 39. பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலை வரை போனாலும் மூன்றரை கிராம்கூட ஏறவில்லை. சுண்ணாம்பு தலைகீழ்: 20 டிகிரியில் 0.17 கிராம் கரைந்தது, கொதிக்கும் நீரில் அதில் பாதிகூடக் கரைவதில்லை.

இன்னொரு விசித்திரம் சோடியம் சல்பேட். 0 டிகிரியில் 5 கிராம் அளவில் தொடங்கிக் கிடுகிடுவென ஏறி, 32.4 டிகிரியில் 50 கிராம் அளவை எட்டும். அதற்குப் பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்துவிடும். வரைபடத்தில் அந்த இடம் கூரை முகடு மாதிரி தெரியும். 32.4 டிகிரிக்குக் கீழே அடியில் தங்கும் பளிங்கு தனக்குள் பத்து நீர் மூலக்கூறுகளை வைத்திருக்கும் வகை. அதற்கு மேலே நீரே இல்லாத வகை. அடியில் கிடக்கும் பொருளே மாறிவிடுவதால் கோடும் திசை மாறுகிறது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் சாயம் துணியில் ஏறுவதற்குச் சேர்க்கும் உப்புகளில் இதுவும் ஒன்று. கழிவுநீரைச் செறிவாக்கிக் குளிரவைத்து இதே உப்பைப் பளிங்காகத் திரும்ப எடுப்பதும் அந்தச் செங்குத்தான கோட்டின் தயவில்தான்.

உப்பு மட்டும் ஏன் சூட்டுக்கு மசியவில்லை?

உப்புப் பளிங்கில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க ஆற்றல் செலவாகும். பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் திரும்ப வரும். உப்பில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். ஒரு மோல் உப்பு, அதாவது 58 கிராம் சொச்சம், கரையும்போது நீரிலிருந்து இழுக்கும் வெப்பம் 4 கிலோஜூல் அளவுதான். வெடியுப்பில் அதே கணக்கு 35 கிலோஜூல்.

வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கரையும் பொருளுக்கு வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தால் அது மேலும் கரையும். வெப்பத்தை வெளியே விட்டுக் கரையும் பொருளுக்கு வெப்பம் கொடுத்தால் கரைந்தது திரும்பப் படியும். பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியர் 1884-இல் வகுத்த விதியின் ஒரு முகம் இது. உப்பு இழுப்பதும் இல்லை விடுவதும் இல்லை என்ற நிலையில் இருப்பதால் சூட்டைக் கண்டுகொள்வதில்லை.

அப்படியானால் ரசத்தில் போட்ட உப்பு உடனே கரைகிறதே? அது வேகம். கொதிக்கும் ரசத்தில் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன. அதோடு, ரசத்தில் நாம் போடும் உப்பு தெவிட்டும் அளவுக்கு எங்கோ கீழே இருக்கிறது.

யூரியாவைக் கரைத்தால் வாளி ஜில்லென்று ஆகிறதே, அது கலப்படமா?

இல்லை, நல்ல யூரியா அப்படித்தான் செய்யும். அது கரையும்போது நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்து லிட்டர் நீரில் ஒரு கிலோவைக் கொட்டிக் கலக்கினால் கணக்குப்படி 10 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். புழுக்கமான நாளில் பிளாஸ்டிக் வாளியின் வெளிப்புறம் வியர்த்து நீர் முத்துமுத்தாக நிற்பதைப் பார்க்கலாம். இலைவழித் தெளிப்புக்கு லிட்டருக்கு 20 கிராம் போடும்போது இறங்குவது ஒரு டிகிரி சொச்சம்தான், கைக்குத் தெரியாது.

கடைசிப் பிடி யூரியா கரைய அடம்பிடிப்பதற்கும் இந்தக் குளிர்தான் காரணம். 20 டிகிரியில் 100 கிராம் நீரில் 108 கிராம் யூரியா கரையும் என்பதால், நம் வாளி தெவிட்டும் அளவை நெருங்கவே இல்லை. குளிர்ந்ததால் வேகம் குறைந்திருக்கிறது. ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கலக்கினால் போதும்.

அப்படியென்றால், கரையும்போது சூடாகும் பொருளெல்லாம் சூட்டில் குறைவாகக் கரையுமா?

இங்கேதான் பல வழிகாட்டி நூல்கள் சறுக்குகின்றன. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, நீரில் போட்டதும் கை வைக்க முடியாதபடி சூடாகும். விதிப்படி அது சூட்டில் குறைவாகக் கரைய வேண்டும். ஆனால் 20 டிகிரியில் 109 கிராம் கரைவது 100 டிகிரியில் 300 கிராமைத் தாண்டுகிறது.

விதி தப்பவில்லை, அதைப் பொருத்தும் இடம் தப்பு. லெ சாட்லியர் விதி பேசுவது தெவிட்டிய கரைசலைப் பற்றி. நிறைய வெறும் நீரில் முதல் கரண்டி காஸ்டிக் சோடாவைப் போடும்போது வெளிவரும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே தெவிட்டும் தறுவாயில் இருக்கும் கரைசலில், அங்கே அடியில் தங்கக்கூடிய நீரேறிய பளிங்கு கரையும்போது வெப்பம் போகிறதா வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் அது வெப்பத்தை இழுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் போகிறவர்கள் இதை ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

கீசரிலும் கெட்டிலிலும் உப்பு படிகிறதே, சூட்டில் உப்பு அதிகம் கரைய வேண்டாமா?

"உப்புத் தண்ணி, அதான் உப்பு படியுது" என்று பிளம்பரும் சொல்வார், நாமும் சொல்வோம். ஆனால் அங்கே படிவது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பு படிய வேண்டுமென்றால் லிட்டருக்கு 360 கிராம் சேர்ந்தாக வேண்டும். கடல் நீரிலேயே மொத்த உப்பு 35 கிராம்தான். சந்தேகம் இருந்தால் அந்த வெள்ளைத் துணுக்கை ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அப்படியே கிடக்கும். வினிகரில் போடுங்கள், நுரைத்துக்கொண்டு கரையும். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் எதனால் ஆனதோ அதுதான்.

சுத்தமான நீரில் அது லிட்டருக்கு வெறும் 15 மில்லிகிராம் அளவுதான் கரையும். நிலத்தடி நீரில் பல மடங்கு அதிகமாக இருப்பது எப்படி? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் கார்பனேட்டு பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிடும். நாம் அந்த நீரைச் சூடாக்கியதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பைகார்பனேட்டு பழையபடி கார்பனேட்டாகிறது, கரைய வழியில்லாமல் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் கார்பனேட்டே சூட்டில் குறைவாகக் கரையும் சாதி என்பதால் பிரச்சினை இரட்டிப்பு. கீசரின் சுருளில் தடிமனாகவும் குளிர்ந்த குழாயில் லேசாகவும் படிவதன் காரணம் அதுதான்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை (நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இந்த 600-க்குப் பக்கத்தில் இருக்கும் போர்வெல் தண்ணீரைக் கீசரில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கீசரின் சூட்டைக் குறைத்து வைத்தாலே படிவது கணிசமாகக் குறையும்.

வாயுக்களுக்கும் இதே விதிதானா?

வாயுக்கள் நீரில் எதிர்த்திசையில் போகும். சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். அழுத்தம் ஏற ஏற அதிகம் கரையும். ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803-இல் சொன்னது இரண்டாவதை: நீரின் மேல் உள்ள வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கரையும் அளவும் இரு மடங்காகும்.

கார்பன் டை ஆக்சைடு 0 டிகிரியில் லிட்டருக்கு 3.3 கிராம் கரையும், 20 டிகிரியில் 1.7 கிராம். சோடா பாட்டிலில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் அடைப்பதால் அதைவிட நிறைய உள்ளே போகிறது. கோலி சோடாவில் கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைத்து வைத்திருப்பதும் அந்த வாயுவின் அழுத்தம்தான், தனி மூடி கிடையாது. கோலியை உள்ளே தட்டியதும் அழுத்தம் விழுகிறது. உள்ளே இருக்கும் வாயு இனி அவ்வளவு அங்கே தங்க முடியாது.

லெமன் சோடாவில் உப்பு போட்டதும் ஏன் பொங்கி வழிகிறது?

திறந்த சோடாவில் தங்கும் அளவைவிட அதிக வாயு இருக்கிறது, ஆனால் குமிழியாகத் திரண்டு வெளியேற ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் அது எளிதில் கிடைக்காது. உப்புத் துகளின் சொரசொரப்பிலும் அது ஒட்டிக் கொண்டுவரும் காற்றிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. எல்லாக் குமிழியும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பொங்காமல் என்ன செய்யும்? உப்பு கரைந்த நீரில் வாயு குறைவாகக் கரையும் என்பதும் உண்மைதான், ஆனால் இங்கே அதன் பங்கு சிறிது. விவரம் தெரிந்த கடைக்காரர் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் முதலில் கிளாசில் கலந்துவிட்டு, சோடாவைக் கடைசியாக ஓரத்தில் சாய்த்து ஊற்றுவார்.

தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே பாத்திரத்தின் சுவரில் குமிழிகள் வருகின்றனவே?

அது நீராவி இல்லை. கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. காய்ச்சி ஆறிய நீர் சப்பென்று இருப்பதாகப் பலருக்குத் தோன்றுவதற்கு அந்தக் காற்று போய்விட்டதும் ஒரு காரணம். இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால் கொஞ்சம் திரும்பி வரும்.

கோடையில் குளத்து மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பது ஏன்? யாராவது விஷம் கலந்தார்களா?

சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜனை. காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6. மேலேயே இவ்வளவுதான் என்றால் கலங்கிய குளத்தின் அடியில் இன்னும் குறைவு. இதில் கொடுமை என்னவென்றால், நீர் சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இருப்பு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது.

விடியற்காலையில் ஏன் என்றால், பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நீருக்குள் விடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போலவே சுவாசித்து அதைச் செலவழிக்கின்றன. இரவு முழுக்கச் செலவழிந்து, சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும். பச்சைப்பசேல் என்று பாசி படிந்த குளத்தில் இது மோசமாக நடக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது எச்சரிக்கை. வளர்ப்பு மீன்களுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது நல்லது.

இறால் பண்ணைகளில் இன்னொரு சுமை, உப்பு. 25 டிகிரியில் நன்னீரில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைகிற இடத்தில் கடல்நீரில் 6.7 அளவுதான் கரைகிறது. நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து நிற்பதில் மும்முரமாக இருப்பதால் வாயுவுக்கு இடம் குறைகிறது. நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணைகளில் இரவில் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் சத்தம் கேட்பது இந்த விடியற்காலைக்குப் பயந்துதான்.

அழுத்தம் திடப்பொருள்களின் கரைதிறனை மாற்றாதா?

வீடு, பள்ளி, தொழிற்சாலை அளவில் மாற்றாது என்றே வைத்துக்கொள்ளலாம். திடமும் நீரும் அழுத்தத்துக்கு அவ்வளவாகச் சுருங்காது. அழுத்தம் பேச வேண்டிய இடம் வாயு.

அது எவ்வளவு கொடூரமாகப் பேசும் என்பதற்குக் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி சாட்சி. எரிமலை வாயில் உண்டான, 200 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள ஏரி அது. அடிநீரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்கு. பூமிக்குள்ளிருந்து கசிந்த கார்பன் டை ஆக்சைடு அந்த அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் கரைந்து சேர்ந்துகொண்டே இருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு ஏதோ ஒரு காரணத்தால் அடிநீர் மேலெழும்ப, அழுத்தம் குறைந்து வாயு பிரிந்தது. குமிழிகள் நீரை இன்னும் மேலே இழுத்தன, மேலும் வாயு பிரிந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்கில் இறங்கிச் சுமார் 1,700 பேரின் உயிரைக் குடித்தது. 2001-இல் ஏரியின் அடிவரை குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றத் தொடங்கினார்கள்.

உப்பளத்தில் வெயிலுக்கு என்ன வேலை? உப்பின் கரைதிறன் வெப்பநிலையால் மாறாது என்றீர்களே?

மாறாது, அதனால்தான் உப்பளத்தில் குளிரவைத்து உப்பு எடுக்க முடியாது. நீரைப் போக்கித்தான் எடுக்க வேண்டும். வெயிலின் வேலையும் காற்றின் வேலையும் ஆவியாக்குவது மட்டும்.

தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தைப் பார்த்தால் ஒரே பாத்தியில் எல்லாம் நடப்பதில்லை என்பது தெரியும். நீர் ஒரு பரப்பிலிருந்து அடுத்த பரப்புக்கு நகர்ந்துகொண்டே செறிவாகிறது. செறிவை அளக்க மிதவை மானியைப் போட்டு "எத்தனை டிகிரி" என்று பார்ப்பார்கள். இந்த டிகிரி சூடு அல்ல, பாமே அளவு. நீர் எவ்வளவு கனத்திருக்கிறது என்பதன் கணக்கு. கடல்நீர் 3 டிகிரி சொச்சம். தூத்துக்குடியில் பலர் நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள், அது தொடக்கத்திலேயே இன்னும் செறிவாக இருக்கும் என்பதால் நாள் மிச்சம்.

கரைதிறன் குறைந்தது முதலில் விழும். கால்சியம் கார்பனேட்டு ஆரம்பத்திலேயே படிந்துவிடும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். அது முந்தைய பரப்பிலேயே விழுந்துவிட வேண்டும், உப்போடு சேரக் கூடாது. கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். பாத்தியில் முதலில் மேற்பரப்பில் மெல்லிய ஏடு மாதிரி மிதந்து, கனம் தாங்காமல் கீழே இறங்கும். அப்படியே கடைசிச் சொட்டு வரை வற்றவிட்டால் என்ன? 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து வரும். அவை கசக்கும். அதைவிடத் தொல்லை, மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டப்பாவில் கசிந்து நிற்கும் கல் உப்பில் அதுதான் ஒளிந்திருக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தில் கசப்பு நீரை வடித்து வெளியே விட்டுவிட்டு உப்பை வாரிவிடுவார்கள்.

ஒரு மழை என்ன செய்யும் என்பதையும் கரைதிறனை வைத்தே கணக்கிடலாம். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர் நன்னீர். அதில் 3.6 கிலோ உப்பு வரை கரைந்து போகும். ஐப்பசி மழைக்கு முன்னால் வாரிய உப்பைக் குவித்து ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடும் அவசரம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டு பொருள்கள் கலந்திருந்தால் கரைதிறனை வைத்துப் பிரிக்க முடியுமா?

முடியும், பழைய தொழில் அது. பீகாரில் மண்ணிலிருந்து வடித்த வெடியுப்பில் சமையல் உப்பும் கலந்தே வரும். ஐரோப்பியக் கம்பெனிகள் துப்பாக்கி மருந்துக்காக அள்ளிக்கொண்டு போன சரக்கு அது. சுத்திகரிப்பது எப்படி? 60 டிகிரி நீரில் தெவிட்டும் வரை கரைத்து 20 டிகிரிக்குக் குளிரவைத்தால், 100 கிராம் நீருக்கு 78 கிராம் வெடியுப்பு பளிங்காக விழும். அதே இறக்கத்தில் சமையல் உப்பின் கரைதிறன் ஒரு கிராம் அளவுதான் குறைகிறது, அதனால் அது நீரிலேயே தங்கிவிடும். பளிங்கை வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் பெருமளவு சுத்தம்.

பாகு ஏன் சில நாள் அப்படியே இருக்கிறது, சில நாள் சர்க்கரையாகப் பூத்துவிடுகிறது?

கொதிக்கும்போது கரைந்த அளவு சர்க்கரைக்கு ஆறிய நீரில் இடமில்லை. நியாயப்படி மிச்சம் உடனே வெளியே விழ வேண்டும். ஆனால் பளிங்கு உண்டாக ஒரு வித்து வேண்டும், அது கிடைக்காத வரை கரைசல் தாங்கும் அளவை மீறியே நிற்கும். இதுதான் அதிதெவிட்டிய கரைசல். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைக் குருணையோ, ஆறும்போது கரண்டியால் துழாவுவதோ போதும், மளமளவென்று பூத்துவிடும்.

பாட்டி எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடச் சொன்னதற்கு நல்ல காரணம் உண்டு. அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கின்றன. கலவையில் பல வகை மூலக்கூறுகள் இருந்தால் ஒரே வகை வரிசையாக அடுக்கிப் பளிங்காவது கடினம். தேன் உறைவதும் இதே கதை. அதில் குளுக்கோஸ் குறைவாகக் கரையும், ஃபிரக்டோஸ் தாராளமாகக் கரையும், அதனால் குளுக்கோஸ் மட்டும் பளிங்காகிறது. உறைந்த தேன் கலப்படம் என்று தூக்கிப் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

பூப்பதையே வேலையாக்கிக்கொண்டதுதான் கற்கண்டு. பனங்கற்கண்டுக்கு, காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்துவிடுவார்கள். அவசரமாகக் குளிர்ந்தால் பொடிப் பளிங்கு, நிதானமாகக் குளிர்ந்தால் பெரிய கட்டி.

உப்பு தெவிட்டிய நீரில் சர்க்கரை கரையுமா?

கரையும். ஒன்று தெவிட்டியதால் மற்றதற்குக் கதவு மூடிவிடாது. ஆனால் ஒரே அயனியைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு உப்புகள் ஒன்றையொன்று விரட்டும். சோப்புத் தயாரிப்பில் கொதிக்கும் கலவையில் சமையல் உப்பைக் கொட்டுவது அதற்குத்தான். சோடியம் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் சோடியம் உப்பான சோப்பு கரைந்திருக்க முடியாமல் மேலே திரண்டு மிதக்கும்.

மஞ்சள் கறை தண்ணீரில் ஏன் போவதில்லை?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கிட்டத்தட்டக் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின், மறு முனை எதிர்மின். அதுபோல மின்முனை உள்ள உப்பு, சர்க்கரை வகையறாவோடுதான் அது உறவு கொண்டாடும். சுடுநீர் ஊற்றினாலும் குர்குமினின் தன்மை மாறிவிடாது. சோப்பு ஓரளவு இழுக்கும், மீதியை வெயில் வெளுத்துவிடும்.

எலுமிச்சைச் சாறு குடித்தால் சிறுநீரகக் கல் கரையுமா?

கல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும்போது அது கரையக்கூடும். அதற்கு மருத்துவர்கள் சிட்ரேட் மருந்து கொடுப்பதுண்டு. அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல் அப்படி எளிதில் கரையாது. எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துப் புதுக் கல் உண்டாவதைக் குறைக்க உதவலாம், அவ்வளவே. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதன் பின்னாலும் கரைதிறன்தான்: சிறுநீர் தெவிட்டும் அளவுக்குப் போகக் கூடாது. வலி இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

உப்பைவிடப் படிகாரம் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 20 டிகிரியில் 14 கிராம் அளவும் 50 டிகிரியில் 37 கிராம் அளவும் கரையும் என்பதால் ஆறும்போதே பளிங்கு கண்ணில் தெரியும். ஒரு டம்ளர் நன்கு சூடான நீரில் பொடித்த படிகாரத்தைக் கரையும் வரை போடுங்கள். அடியில் கொஞ்சம் தங்கியதும் தெளிவை மட்டும் வேறு டம்ளரில் வடித்து, மேலே துணி மூடி, யாரும் தட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் அடியில் சிறு பளிங்குகள் இருக்கும். அதில் வடிவான ஒன்றை நூலில் கட்டி, நன்றாக ஆறி வடித்த தெளிந்த கரைசலில் தொங்கவிட்டால் நாளுக்கு நாள் வளரும். வளராமல் பளிங்கு தேய்ந்துகொண்டே போனால் கரைசல் இன்னும் தெவிட்டவில்லை என்று பொருள். மறுபடி சூடாக்கி இன்னும் கொஞ்சம் படிகாரம் சேர்த்து, ஆறவிட்டு, அப்புறம் கட்டுங்கள்.